குண்டனி நாட்டிலிருந்து வந்த புகார்

கொயினா மாத்திரையின் கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. வெல்லம் தின்று பார்த்தேன், தண்ணீர் குடித்துப் பார்த்தேன். நாளைக் காலையில் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலை ஏற வேண்டும். மலைக்காய்ச்சல் வராமலிருக்கத்தான் இதை விழுங்குகிறேன். ஆசிரியரே, இந்தக் கசப்பு வந்தால் நீங்களும் நினைவில் வந்துவிடுகிறீர்கள்.

போன தடவை நீங்கள் முன்னால் நடந்தீர்கள். மாத்திரையை நீட்டியபோது வேண்டாமென்று தள்ளினீர்கள். "பி.ஏ. அம்மா தின்னாப் போதுங்க. என்னையக் கடிச்சா கொசுவுக்குத்தான் காச்சல் வரும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் எனக்குப் பயம்தான்.

கொல்லிமலை நாடுகளில் ஒன்றான குண்டனி நாட்டில் காய்ச்சலில் பலர் இறந்ததையும், அப்போது சர்க்கார் மருந்துச்சாலை பூட்டிக் கிடந்ததையும் உங்கள் வாரத்தாளில் நான் எழுதியிருந்தேன். தலைப்பு மட்டும் நீங்கள் போட்டது. சில வாரங்களில் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. போர்க்காலத்தில் பத்திரிகைகளைக் கண்காணிக்கும் அதிகாரி எழுதியிருந்தார். கட்டுரை பொய், மக்களைக் கலவரப்படுத்துகிறது என்று அங்கே ஊர்த்தலைவரான கவுண்டரே புகார் கொடுத்திருக்கிறாராம். தக்க விளக்கம் தராவிட்டால் அச்சகத்தைப் பூட்டி முத்திரை வைப்பார்களாம். இணைத்திருந்த புகார் நல்ல இங்கிலீஷில் இருந்தது. அடியில் கைநாட்டு.

எழுதியவர் அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளான மருந்துச்சாலைக் கம்பவுண்டர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அதை எடுத்துக்காட்டி இங்கிருந்தே பதில் எழுதுவோம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை.

"எழுதினது யாரா இருந்தா என்னங்க? கைநாட்டு கவுண்டருதுங்களே. அவரையே கேட்டுப்போட்டு வரலாம்."

அது உங்கள் வழக்கம். யார் குறை சொன்னாலும் அவர் வீட்டுக்கே போய், அச்சான செய்தியை வரிவரியாகப் படித்து, எது தப்பென்று கேட்பீர்கள். சமவெளியில் அது சரி. கம்பவுண்டருக்குப் பயந்து கைநாட்டு வைத்தவர், அவர் முன்னாலேயே எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டால்? ஏறும்போது இதையே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "சொன்னா அதையும் எழுதிக்கலாமுங்க" என்றீர்கள்.

பயந்தபடியே கம்பவுண்டர் அங்கே இருந்தார். கவுண்டர் வீட்டு வாசலில், அவருக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டார். நீங்கள் படிக்க ஆரம்பித்தீர்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது தப்புங்களா?" என்று கேட்டீர்கள். "இல்லீங்க சாமி" என்றார் கவுண்டர். மருந்துச்சாலை பூட்டிக் கிடந்த வரி வந்தது. கம்பவுண்டர் இருமினார்.

கவுண்டர் அவர் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு, "பூட்டித்தானுங்க கெடந்துச்சு. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க சாமி" என்றார். சுற்றி நின்றவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டபோதுதான், கவுண்டர் தாளின் மேல்பகுதியைக் காட்டினார். "இங்க ஏதோ பெருசு பெருசா எழுதியிருக்குதே. அதய ஏனுங்க படிக்காம உட்டுட்டீங்க?"

நீங்கள் படித்தீர்கள். 'கொல்லிமலையில் அநாதைச் சாவுகள்.'

அவர் முகம் மாறியது. "அநாதையா? யாரு சாமி அநாதை? எம் மருமவ செத்தப்ப இந்த ஊருல ஒரு ஊட்டுலயும் அடுப்பு எரியலீங்க. சுத்துப்பட்டு சனமெல்லாம் காச்சலோட நடந்து வந்து பாடை தூக்கிக் குடுத்தாங்க. மருந்து இல்லீன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். நாதியில்லீன்னு எழுதுவீங்களா?"

"தப்புத்தானுங்க" என்றீர்கள் உடனே. கம்பவுண்டர் எழுந்துவிட்டார். "எல்லாரும் கேட்டீங்கல்ல? பத்திரிகைக்காரரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு!"

இறங்கும்போது நான் உங்களிடம் கோபமாகவே பேசினேன். ஒரு சொல் தப்பென்று நாமே அச்சிட்டால் மற்றதெல்லாம் தப்பென்று அவர்கள் முடிவு கட்டுவார்கள், அச்சகம் போய்விடும் என்றேன். நீங்கள் ஒரு பாறையில் உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் உங்கள் கால் நடுங்குவதைப் பார்த்தேன்.

"எனக்கும் பயந்தானுங்க. அதுக்காவ அவரு சனத்த அநாதையாவே உட்டுற முடியுங்களா?"

அந்த வாரம் முதல் பக்கத்தில், பழைய தலைப்பு வந்த அதே அளவு எழுத்தில், தலைப்பு தவறு, ஊரார் கூடியே அடக்கம் செய்தார்கள், கட்டுரையில் மற்ற வரிகள் உண்மை என்று போட்டீர்கள். பட்டணத்துப் பதில் நான் பயந்த மாதிரியே வந்தது. ஆசிரியரே தவறை ஒப்புக்கொண்டதால் இது கடைசி எச்சரிக்கை. இன்னொரு தவறு தெரியவந்தால் முத்திரைதான். மருந்துச்சாலையைத் திறந்தார்களா என்பது பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அந்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். மலையில் ஒட்டிய காய்ச்சல்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

தாளை இப்போது நான் நடத்துகிறேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால், பட்டணத்துக் கடிதமோ என்று இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுகிறேன். மலையில் பைல் நாட்டு விவசாயி ஒருவர் ராகியைப் பதுக்கியிருப்பதாக, அடிவாரத்து வியாபாரி ஒருவர் சொன்னதைச் சென்ற மாதம் போட்டோம். அதைப் பார்த்து சர்க்கார் ஆட்கள் போய் அவர் வீட்டுத் தானியத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது விதைக்கும் சோற்றுக்கும் வைத்திருந்தது என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். வழக்கும் போடப் போகிறார்களாம்.

நம் அச்சுக்கோப்பவர் இன்று மாலை என்னிடம் வந்து நின்றார். "ஏனுங்கம்மா, வாய்ச்சொல்லாத்தானே வந்திருக்குது. காதுல உழுகாத மாதிரி இருந்துட்டாப் போவுது. நீங்க போயி, அவரு சொல்றது நெசமுன்னு தெரிஞ்சா?"

"போட வேண்டும்."

"போட்டா பிரஸ்ஸுக்குப் பூட்டுங்களே."

"ஆமாம்."

உங்கள் துணிச்சல் எனக்கு வரவில்லை. அந்தப் பாறையில் நடுங்கிய கால்தான் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு ஏறப்போகிறேன். முதல் பக்கத்தில் இடம் விட்டுவைக்கும்படி அச்சுக்கோப்பவரிடம் சொன்னேன்.

"எத்தன எடம் உடட்டுமுங்க?"

அந்த விவசாயி சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அச்சுக்கோப்பவர் முதல் பக்கத்தில் ஏற்கெனவே கோத்திருந்த எழுத்துகளைப் பிரித்து எடுக்க ஆரம்பித்தார்.