ஒன்பதாம் பக்கத்துக்காரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. தையல் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் நம் இணையதளத்தைத் தேடுபொறி ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. "அதுக்குப் புடிச்ச மாதிரி மாத்தி எழுதுடி, 'சிறந்த தையல்'னு பத்து தடவை போடு" என்றாள் கூட வேலை செய்பவள். "ஊசியில நூல் கோக்கத் தெரியாததுக்கெல்லாம் நான் ஜால்ரா போடணுமா?" என்று கேட்டேன். ஒரு வரியையும் மாற்றவில்லை.

இதற்கிடையில் புது விதி வேறு. தளத்தில் முகவரியும் போன் நம்பரும் இல்லையென்றால் மூடிவிடுவார்களாம். "என் வீட்டு அட்ரஸா? மூச்சு விடக் கூடாது!" என்றார் வீட்டுக்காரம்மா. அதனால் உன்னைக் கேட்காமலே உன் முகவரியையும் உன் போன் நம்பரையும் போட்டுவிட்டேன். நீ சொல்லும் பதில்களைத்தானே நான் எழுதுகிறேன், அதில் பொய்யில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் திட்டக்கூட நீ கிடைக்கவில்லையே! நான்கு நாளாக எப்போது அழைத்தாலும் லைன் பிஸி; தளத்தில் நம்பரைப் பார்த்த யாருக்கோ ரவிக்கையில் கைக்குழி வெட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். ஒன்பதாம் பக்கத்தில் ஒளித்துவைத்தவர்கள் வைக்கட்டும், தேடுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும் போனை யாருக்கும் கொடுக்காதே. எனக்குத் தையலில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனாலும் கூப்பிடுவேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
ஒன்பதாம் பக்கத்துக்காரி