இரண்டு மில்லிமீட்டர் மரை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொன்னால் அம்மா அழுவாள், அதனால் எழுதுகிறேன். உங்கள் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாது. பயப்பட ஒன்றுமில்லை, தப்பு என்னுடையதுதான்.

இங்கே வெளிநாட்டுக் கம்பெனியில் இரண்டு மில்லிமீட்டர் துளைகளில் ஸ்க்ரூவுக்கு மரை போடுகிறோம். கை இம்மி சாய்ந்தாலும் மரை வெட்டும் டேப் உள்ளேயே ஒடிந்துவிடும், பீஸ் வீண். வேலையைச் சீக்கிரம் முடித்தால் லீவு என்றார் சூப்பர்வைசர். அதனால் நானே ஒரு கைக்கருவி செய்தேன். இரும்புத் தாங்கியில் ஒரு பித்தளைத் தண்டு நேராக இறங்கும், அதன் நுனியில் டேப். இரண்டு விரலால் அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே திருக வேண்டும். நாலு நாளில் மொத்த வேலையும் முடிந்தது, ஒரு டேப்கூட ஒடியவில்லை.

சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். "பிரமாதம்பா! இன்னும் நாலாயிரம் பீஸ் ஒத்துக்கிட்டேன். உன்னை விட்டா யாரு இருக்கா? லீவை அப்புறம் பாக்கலாம்." என் பாஸ்போர்ட்டும் அவர் பீரோவில்தான் இருக்கிறது.

எனக்குப் பதில் ஆள் இருந்தால் விடுவார் என்று, கருவியைப் பக்கத்து லேத் மெஷின்காரரிடம் கொடுத்துப் பழக்கினேன். அவசரத்தில் மூன்று டேப்பை ஒடித்துவிட்டு என்னைப் பார்த்தே சிரித்தார்: "உனக்கு நீயே ஆப்பு வச்சுக்கிட்டியேடா!"

எனக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். சித்தப்பாவைக் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதை அம்மா போனில் பதிவு செய்து அனுப்பட்டும். அவர் பேசி முடித்ததும் பதிவை நிறுத்திவிட வேண்டாம். வீடு வந்து சேரும்வரை ஓடட்டும், நானும் கூட வந்த மாதிரி இருக்கும்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, போகிறேன்.

உங்கள் மகன்