ஸ்டெப்னி உள்ளே இருக்கிறது

ஜூலை 9, புதன்

திட்டக்குடி கல்லூரியில் இன்று அந்நியமாதல் பற்றி வகுப்பு எடுத்தேன். பின்வரிசை தூங்கியது. முன்வரிசை கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியது.

திரும்பும்போது காரில் பாட்டு. குரல் இருக்கிறது, வயலின் இருக்கிறது. அடிவயிற்றில் இறங்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. அதற்கென்றே வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் வாங்கியாயிற்று. கடையில் விற்கிற பெட்டியை வைத்தால் டிக்கியில் தேங்காய்கூட வைக்க முடியாது. டிக்கியின் வளைவுக்கே ஃபைபரில் பெட்டி செய்துவிடலாம் என்கிறான் தமிழ்மணி. பள்ளித் தோழன். எங்கள் அப்பாவின் பீங்கான் பட்டறையில் அச்சு எடுப்பவன். உலகம் அவனுக்கு இரண்டே வகை — அச்சு, அச்சிலிருந்து வந்தது.

ஜூலை 12, சனி

பட்டறைக் கொட்டகையில் வேலை. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி டயரின் நடுக்குழி வூஃபருக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. அதையே அச்சாக வைத்துக்கொண்டோம். ஒட்டாமலிருக்க, பிளாஸ்டர் அச்சுக்குத் தடவுகிற சோப்புத் தண்ணீர். அதன்மேல் கண்ணாடி நார்ப் பாய். அதன்மேல் இறுகிப் பிடிக்கிற ரெசின் திரவம். நாற்றம். கை முழுக்க அரிப்பு.

"டேப்பு ஒட்டணும்னு வீடியோவுல சொன்னானேடா?"

"அவன் அச்சயே பாத்திருக்க மாட்டான். மண்ணு காஞ்சா சுருங்கி, தானா அச்ச வுட்டு வரும். வருமா வராதா?"

"வரும்."

"அவ்ளோதான். போய் டீ வாங்கியா, அமுதா."

பீங்கான் ஊரில் பிறந்த இரண்டு பேர். சந்தேகமே வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சுருங்கவில்லை. இது மண் இல்லை. டிக்கி, ஸ்டெப்னி, பாய் — மூன்றும் ஒரே பொருளாகிவிட்டன. கடப்பாரையால் நெம்பினோம். கார்தான் மேலே வந்தது.

தமிழ்மணி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சுருங்கலியே."

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. துர்கா அக்காவுக்குக் கல்யாணமான முதல் ஆடி. புகுந்த வீடான மங்கலம்பேட்டையிலிருந்து அழைத்து வந்தாயிற்று. மாதம் முழுக்க இங்கேதான். ஆடிப்பெருக்குக்கு அவள் வீட்டுக்காரர், மாமா, விருந்துக்கு வருகிறார்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மாப்ளைக்கு வேட்டி சட்டையோட நிறுத்தக் கூடாது. காரக் குடுத்துடலாம்னு இருக்கறேன்."

"அவரு கேட்டாராப்பா?"

"கேக்க வுடலாமா? கேக்கறதுக்கு முன்ன குடுக்கறதுதான் மரியாத."

"நான் திட்டக்குடிக்கு எப்படிப் போறது?"

"பஸ்ஸுதான் போவுதே."

அம்மா ரசம் ஊற்றினாள். பேச்சு முடிந்தது.

கார் அப்பா பேரில். ஓட்டியது, கழுவியது, தள்ளியது நான். அதுக்குள்ள மட்டும்தான நான் வாய்விட்டுப் பேசறேன்? பஸ்ஸுல பேசினா எறக்கி வுட்டுடுவாங்க. யாராச்சும் என்ன ஒரு வார்த்த கேட்டாங்களா — வேணாம். தூங்கு.

ஜூலை 20

வேண்டுமென்றே ஒட்டவைத்தேனா? இல்லை. ஒட்டியதில் வருத்தமா?

பக்கத்தைத் திருப்பு.

ஜூலை 27, ஞாயிறு

பெயர்ந்து வராததை அங்கேயே பெட்டியாக முடித்துவிடுவோம் என்று முடித்தோம். பலகையில் வளையம், அதன்மேல் இழுத்துக் கட்டிய பனியன் துணி, மறுபடி ரெசின், பட்டி பார்த்துக் கறுப்பு பெயின்ட். நிறைமாத டயர் போல இருக்கிறது. முதல் பாட்டுக்கே பட்டறை அலமாரியிலிருந்த பீங்கான் பொம்மைகள் நடுங்கின. ஒரு பிள்ளையார் குதித்துவிட்டார்.

அப்பா இன்னும் டிக்கியைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மாமா அன்புச்செல்வன், உரக்கடைக்காரர், அதிகம் பேசாதவர். விருந்து முடிந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை, வேட்டி, அதன்மேல் சாவி. மாமா அதைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பதுபோல் என்று எழுதினால் மலிவு. ஆனால் அப்படித்தான் பார்த்தார்.

அப்பா பெருமையாக டிக்கியைத் திறந்தார்.

"ஸ்டெப்னி எங்கடி?"

"உள்ள இருக்குது."

"எதுக்குள்ள?"

சூளையிலிருந்து எடுத்த சாமானைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் தட்டினார். "நல்லாத்தான் வெந்திருக்குது" என்றார், தன்னை மறந்து. பிறகு கத்தினார்.

மாமா அவசரமாக, "ஸ்டெப்னி இல்லாம எப்படிங்க மாமா? அமுதாவே வச்சிக்கட்டும்" என்றார்.

"நாளைக்கே உளி வச்சிப் பேத்துடறேன், மாப்ள!"

கை கழுவும் இடத்தில் மாமா என்னைப் பிடித்தார். "சிரிக்கக் கூடாது. எனக்குக் காரு ஓட்டத் தெரியாது. பொண்ணு பாக்க வந்தன்னிக்கி சினேகிதன்தான் ஓட்டியாந்தான். சாவிய நான் சும்மா கையில வச்சிச் சுத்திக்கிட்டு இருந்தேன். உங்கப்பா அதப் பாத்துட்டாங்க."

"சொல்லிடுங்களேன்."

"அவ்ளோ ஆசையா குடுக்கறாங்க. எப்படிம்மா சொல்றது?"

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே அப்பா, உளி, சுத்தியல், தலைகுனிந்த தமிழ்மணி. முதல் அடிக்குக் கறுப்புச் செதில் ஒன்று தெறித்தது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு இரவு திண்ணையில் படுத்திருந்த மாமா வாய் திறக்கவில்லை. நானும்தான். அவர் ரகசியத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டேன். பொய். வண்டி எனக்கு வேண்டும் என்று சொல்லத் தைரியமில்லை.

அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தாள்.

"எதுக்குப்பா ஒடைக்கிறீங்க? அவருக்கு சைக்கிளே கால ஊணினாத்தான் நிக்குது."

அப்பா நிமிர்ந்தார். "மாப்ள?"

மாமா தரையைப் பார்த்தார். "கத்துக்கலாம்னுதாங்க..."

"நீங்க வேணாம்," என்றாள் அக்கா. "அமுதா, எனக்குக் கத்துக்குடு. வண்டி இங்கியே கெடக்கட்டும்."

அப்பா உளியைக் கீழே வைத்தார். "ஊரு முழுக்கச் சொல்லிட்டேனேடி."

"மாப்ளைக்கு இல்ல, பொண்ணுக்குக் குடுத்தேன்னு மாத்திச் சொல்லுங்க."

"ரெண்டு பொண்ணுக்கு" என்றேன். என் குரல்தான். கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

அப்பா கையிலிருந்த தூசியைத் தட்டினார். மறுக்கவில்லை. தமிழ்மணி சுத்தியலை எங்கோ கொண்டுபோய் ஒளித்துவைத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விருந்து நாள் தவிர, ஆடியில் புது மாப்பிள்ளை வரக் கூடாது. 'மாமியாருக்கு எலுமிச்சம்பழம்' என்று ஒரு பையோடு மாமா வந்திருந்தார். பின்சீட்டில் உட்காரவைத்தோம். ஸ்டியரிங்கில் அக்கா, பக்கத்தில் நான்.

ரயில்வே கேட் திறந்ததும் வண்டி நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள். மறுபடி நின்றது. பின்னால் லாரி, ஆட்டோக்கள், பஸ், எல்லாம் ஹாரன். ஒருவர் இறங்கி வந்து, எங்கள் அப்பா யார் என்று வசவுகளோடு விசாரிக்க ஆரம்பித்தார்.

"நான் வேணா எறங்கித் தள்ளட்டா?" என்றார் மாமா.

நான் சாவியைத் தொடப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, பாட்டின் சத்தத்தை முழுக்க ஏற்றினாள். சீட் அதிர்ந்தது. மாமாவின் எலுமிச்சம்பழங்கள் உருண்டன. வெளியே அந்த ஆளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"இப்ப கேக்கல," என்றாள்.

நிதானமாகக் கிளட்சை மிதித்தாள்.