கோமுகி அணைப் படம்

என்னங்க,

கரியாலூருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சாமை அறுப்புக்கு உதவ வந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கோமுகி அணைப் படத்துக்குப் பரிசு கிடைத்ததாமே. சந்தோஷம். முதலில் எடுத்த படத்தைப் பார்த்து, "வானம் ஜாஸ்தியா இருக்குதுங்க" என்று நானும்தான் சொன்னேன். "உனக்கு இன்னா தெரியும்?" என்றீர்கள். அதையே போட்டோ குரூப்பில் அந்த ஷாலினி எழுதியதும், மறுநாள் விடியும் முன்பே அணைக்கு ஓடினீர்கள்.

கரையில் ஓர் ஆள் நின்றால் படத்துக்கு உயிர் வரும் என்று அடுத்து அவள் எழுதினாள். அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். "தண்ணியாண்ட நில்லு. கொஞ்சம் சிரி" என்றீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

பிறகு, நான் கட்டியிருந்த சிவப்புப் புடவை கண்ணை உறுத்துகிறது என்றாளாம். பரிசு வாங்கிய படத்தைப் பார்த்தேன். என்னை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரை வைத்திருக்கிறீர்கள்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவும் மாட்டேன். நான் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் இன்னும் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப்போக வாருங்கள். அழித்துவிட்டிருந்தால் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி