இரண்டு நெஞ்சுப் படங்கள்

பெலோ ஒரிசோன்த்தே,
24 செப்டம்பர் 1944

அன்புள்ள கொம்பாத்ரே லியோன்சியு,

நலம், நலமறிய ஆவல். உன் ஞானமகன் தொரிவாலை ஏற்றிய கப்பல் ரியோவை விட்டுப் போய்விட்டது. எங்கே போகிறது என்பது ராணுவ ரகசியம். இத்தாலி என்று ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜெர்மானியர் நம் கப்பல்களை மூழ்கடித்த வாரம் நினைவிருக்கிறதா? அங்கே நம்மூர்ச் சதுக்கத்தில் பெண்கள் போருக்கென்று பித்தளைப் பாத்திரங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். அந்தக் குவியலருகில் நின்று, எங்கள் பிள்ளைகள்தாம் முதலில் போவார்கள் என்று நீயும் நானும் முழங்கினோம். என் பங்கு நிறைவேறியது. உன் ஒத்தாவியு அந்தக் கப்பலில் இல்லையாமே. அடுத்ததில் போகிறானா?

தொரிவாலை ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி, அவனுக்கு ஞானத்தகப்பனாகி, எனக்குக் கொம்பாத்ரே ஆனவன் நீ. அவன் ஆசி கேட்டு வந்தபோது நெஞ்சில் தட்டிச் சொன்னாயாமே: "டேய், குதிரையாட்டம் இருக்கே. போய் ஜெர்மன்காரனுக்குக் கொஞ்சம் சாம்பா ஆடச் சொல்லிக்குடுத்துட்டு வா!" அவன் அம்மா செலீனா அதையே சொல்லிச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறாள். டாக்டரான ஞானத்தகப்பன் சொன்ன சொல் அல்லவா.

உன் கொம்பாத்ரே,
எவரிஸ்து


பெத்ரா ஆல்த்தா,
15 அக்டோபர் 1944

பிரியமுள்ள கொம்பாத்ரே,

ஆளெடுப்பு மருத்துவக் குழுவில் நானே இருந்ததால் ஊர் வாய் சும்மா இருக்காது. உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒத்தாவியுவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் ஒரு பழைய வடு. ரியோவிலிருந்து வந்திருந்த ராணுவ டாக்டர்களும் பார்த்தார்கள். பையன் அழுதுவிட்டான். "அழுவாதடா ராசா, பேங்க்ல வேலை இருக்கு, பொண்ணு காத்துக்கிட்டிருக்கா" என்று அவன் அம்மா சுல்மீராதான் தேற்றினாள்.

ஜனவரியில் கல்யாணம். சர்க்கரைக்குப் பஞ்சம், கல்யாண கேக் வெல்லத்தில்தான். நீங்கள் இருவரும் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
லியோன்சியு


பெலோ ஒரிசோன்த்தே,
2 பிப்ரவரி 1945

டாக்டர் லியோன்சியு பம்ப்ளோனா அவர்களுக்கு,

கல்யாணத்துக்கு வந்திருந்தோம். உங்கள் மகன் விடியும்வரை ஆடினான். ஒருமுறைகூட இருமவில்லை.

என் மகன் இருமுகிறான். லிவோர்னோ நகர ராணுவ மருத்துவமனையிலிருந்து எழுதியிருக்கிறான். அங்கே நம் நாட்டு மருத்துவக் கேப்டன் புதிதாக ஒரு படம் எடுத்திருக்கிறார். வலது நுரையீரல், உச்சி, பழைய வடு.

"இந்த நெஞ்ச வச்சுக்கிட்டுப் பனியில என்னடா பண்றே? எந்த மடையன் உன்ன அனுப்பினான்?" என்று கத்தியிருக்கிறார்.

"எங்க ஞானத்தகப்பன் சார்" என்றானாம் தொரிவால்.

சிறுவயதில் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்தபோது வைத்தியம் பார்த்தவர் நீங்கள். வடுகூட இல்லை என்று எங்களிடம் சொன்னவரும் நீங்கள். அந்த மாதம் முழுவதும் உங்கள் மகன் ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தான். குழு கூடிய அன்று உங்கள் முன்னால் இரண்டு பையன்கள், இரண்டு படங்கள். வடு ஒன்றுதான். படங்களை மாற்றினீர்கள்.

உங்களை நான் தண்டிக்க விரும்பவில்லை. ஊர்க்குழு அவனை நல்ல நெஞ்சுக்காரன் என்று சான்றளித்திருப்பதால், பழைய நோய் என்று காட்டிக் கேப்டனால் அவனை ஊருக்கு அனுப்ப முடியவில்லை. படம் மாறிவிட்டது என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். தவறுதலாக என்றே எழுதுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

எவரிஸ்து பிரகான்சா


பெலோ ஒரிசோன்த்தே,
12 மார்ச் 1945

டாக்டர் அவர்களுக்கு,

பதில் இல்லை. தொரிவாலை மறுபடியும் மலைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரியை இன்னும் எழுதலாம்.

எ. பிரகான்சா


பெத்ரா ஆல்த்தா,
10 மே 1945

எவரிஸ்து,

போர் முடிந்ததென்று இங்கே மணி அடித்தபோது நான் வெளியே வரவில்லை. தொரிவால் களத்தில் மாண்ட செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். எழுதியிருந்தால் ஒத்தாவியுவைக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்கு ஒரே பிள்ளை. உனக்கு இன்னும் இருவர் இருக்கிறார்கள்.

நகரசபையில் நான் கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கோயிலிலிருந்து பாலம்வரை எங்கள் தெருவுக்கு இனி தொரிவாலின் பெயர். பலகையைத் திறந்துவைக்க நீ வர வேண்டும். மறுத்துவிடாதே.

லியோன்சியு


பெலோ ஒரிசோன்த்தே,
21 மே 1945

டாக்டர் அவர்களுக்கு,

"அந்தாளு கையால எம் புள்ள பேரைத் தொடக் கூடாது, வேணாம்னு எழுதிப் போடுங்க" என்றாள் செலீனா. நான் மறுக்கவில்லை. திறப்புக்கு வரமாட்டேன், பலகை இருக்கட்டும்.

அந்தத் தெருவில்தான் உங்கள் வீடு. உங்கள் நோயாளிகள் வழி கேட்டு வருவார்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளியில் வீட்டு விலாசம் எழுதப் பழகுவார்கள். யார் அந்த ஆள் என்று என்றாவது உங்களிடம் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

படங்களைப் பற்றி எவருக்கும் நான் எழுதப்போவதில்லை. போர் முடிந்துவிட்டது; உங்கள் மகனை இனி யாரும் கூப்பிடமாட்டார்கள்.

புதிய விலாசத்துக்கு வரும் முதல் கடிதம் இதுவாக இருக்கட்டும். என்னிடமிருந்து இதுவே கடைசி.

எவரிஸ்து பிரகான்சா

பெறுநர்:
டாக்டர் லியோன்சியு பம்ப்ளோனா,
14, சிப்பாய் தொரிவால் பிரகான்சா தெரு,
பெத்ரா ஆல்த்தா.