மூங்கில் குழாயில் ஊற்றிய எண்ணெய்

ஜூலை 9, செவ்வாய். ஹட் பே, லிட்டில் அந்தமான்.

பக்கத்து வீட்டு செல்வி அக்காவின் மாடு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. காலையிலிருந்து படுக்கவே இல்லை.

மூன்று நாளைக்கு முன் அதற்கு வயிறு உப்பியபோது நான்தான் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினேன். தலையை உயரத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்திருந்தேன். பாதியில் இருமியது. நான் நிறுத்தவில்லை.

இன்று மாட்டு டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு ஊசி போட்டார். "வாயில ஏதாவது ஊத்துனீங்களா?"

"எண்ணெய் ஊத்துனோம் சார். தம்பி பக்குவமா ஊத்துவான். இந்தத் தெருவுல எல்லா மாட்டுக்கும் அவன்தான்" என்றாள் அக்கா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஊத்துறப்ப இருமுச்சா? அப்படின்னா நுரையீரலுக்குப் போயிருக்கும். இனி ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

"இருமவே இல்ல சார்" என்றேன்.

மீதி ஊசி மருந்து போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும். கடல் சரியில்லை, கப்பல் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா வேலியோரம் வந்தாள். "ஷிப் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா தம்பி? நீ ஊத்துனப்ப இருமவே இல்லையே. கஷாயம் வச்சிருக்கேன். காலையில வந்து ஊத்திக் குடு."

சரிக்கா என்று சொல்லிவிட்டேன்.