பழுப்புத் தாளில் நம் குடும்பம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நேற்று வந்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், பதினெட்டு வருடச் சர்க்கரைக்கும் என் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறது. நீ நலமா என்று கேட்கவில்லை, அது உனக்கே தெரியாதே. உனக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஒரு வருடமாகியும் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகாமல், "தாத்தாவுக்கும் கிட்னி போச்சு, பெரியம்மாவுக்கும் போச்சு, நம்ம ரத்தம் அப்படி, பாத்து என்ன ஆகப்போகுது" என்று போனில் சொன்னாயே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். சில குடும்பங்களில் மரபணுவால் இந்த ஆபத்து கூடுதல்தான், நம் குடும்பமும் அந்த ரகமாக இருக்கலாம், அதற்காக எல்லாருக்கும் கெட்டுவிடாது, யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று எழுதிக்கொண்டு வாங்க என்றார். நம் தையல் கடையில் அளவு வரையும் பழுப்புத் தாளில் ஒரு முழம் கிழித்து எல்லாரையும் கட்டம் கட்டமாக எழுதினேன். விவரம் கேட்கப் போனதும் உன் மாமா குதித்தான், "கல்யாணத்துக்குப் பொண்ண வெச்சிருக்கேன், நீ பாட்டுக்குத் தமுக்கடிக்கிறியா" என்று. நான் விடவில்லை. "பெரியக்காவுக்குக் கால் வீங்குனப்ப பெரிய சைஸ் செருப்பு வாங்கிக் குடுத்தோமே, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோமாடா, அவளக் கொன்னது ரத்தமா, நம்ம மூடி வெச்ச வாயா" என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்கே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வருஷமா எனக்கும் ஒண்ணுக்கு நுரையா போகுதுக்கா" என்றான். கத்தரியைப் போட்டுவிட்டுக் கையோடு கூட்டிப்போனேன். புரதம் கசிகிறது, ஆனால் தொடக்கம்தான், மாத்திரை போட்டு, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அடங்கியிருந்தால் சிறுநீரகம் கெடுவதைப் பல வருடம் தள்ளிப்போடலாமாம். வெளியே வந்ததும் தன் மகளுக்கு அவனே போன் போட்டு, நீயும் போய்ப் பாரு என்றான். தமுக்கு இப்போது அவன் கையில்.

பழுதுள்ள துணி வந்தால் நாங்கள் தூக்கி எறிவதில்லை, பழுதைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு அதை ஒதுக்கி வெட்டுகிறோம். குறிக்காமல் வெட்டுகிற ஆளுக்குத்தான் கடையில் வேலை கிடையாது. முதுகு வலி என்று நீயாக வாங்கிப் போடும் வலி மாத்திரையை நிறுத்து, அது சிறுநீரகத்துக்கு எமன். இதற்குப் பதில் எழுதாதே, சமாதானம் சொல்வதில் நீ கெட்டிக்காரன். இந்த வாரமே சிறுநீரும் ரத்தமும் கொடுத்து ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பு. கெட்டதாக இருந்தாலும் அனுப்பு, கெட்டதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இருக்கிறது. நீ பார்க்காமல் வைத்திருப்பதோடு நான் எப்படிடா மல்லுக்கட்டுவேன்?

நூறு வயது வரை இருந்து என்னோடு சண்டை போடு, நன்றாயிரு.

இப்படிக்கு,
உன்னை விடுவதாக இல்லாத
அம்மா